நிலையான வருமானத்தை மறுத்த இல்லம்: திருச்சபையின் முதியோர் பணியும் சேலம் சமவெளியும்

முதியோர் இல்லத்தைப் பற்றிய பேச்சு தமிழகத்தில் பெரும்பாலும் பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகள் மீதான குற்றச்சாட்டாகத் தொடங்கி, அந்தக் குற்றச்சாட்டோடேயே முடிந்தும் விடுகிறது. ஆனால் இந்நிறுவனம் தோன்றி வளர்ந்த வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அதன் வாசலை முதலில் மிதித்தவர்கள் வசதியான பிள்ளைகளைப் பெற்றவர்கள் அல்லர் என்பதும், பிள்ளையே இல்லாதவர்கள், கணவனைக் கடலுக்கோ காய்ச்சலுக்கோ பறிகொடுத்தவர்கள், பிறர் வீட்டில் வேலை செய்தே கிழமானவர்கள், கூலி நின்ற நாளோடு அடுப்பும் அணைந்துபோனவர்கள் ஆகியோரே என்பதும் தெரியவரும். இத்தகையோருக்கென்று கிறித்தவத் திருச்சபை தொடங்கிய இல்லங்களுள் நீண்ட, பரந்த வரலாறு உடையவை ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் கத்தோலிக்கப் பெண் துறவியர் சபையின் இல்லங்கள். பிரான்சில் 1839-இல் முளைவிட்டு, 1882-இல் கொல்கத்தாவுக்கு வந்து, பெங்களூரு, சென்னை என்று தெற்கே பரவிய அச்சபையின் வரலாறு, முதியோர் இல்லம் யாருக்காக என்று சேலம், நாமக்கல் சமவெளியில் இன்று எழுந்துள்ள கேள்விக்கு நேராக விடை சொல்கிறது. இல்லத்தைத் தாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதே, அந்த இல்லம் யாருக்குக் கதவைத் திறக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதே அந்த விடை.

முதியோரைப் பேணுவதற்கென்று தனி மனை வைக்கும் வழக்கம் திருச்சபைக்குப் பழையது. கிழக்கு ரோமப் பேரரசின் காலத்திலேயே ஆயர்களின் மேற்பார்வையில் நோயாளர் மனை, அனாதையர் மனை, வழிப்போக்கர் மனை ஆகியவற்றோடு முதியோர் மனையும் தனி வகையாக இருந்தது. பேரரசின் சட்டத் தொகுப்புகள் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. இந்தியக் கரைக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது வேறொரு வடிவம். 1498-இல் லிஸ்பனில் தொடங்கிய ‘மிசெரிகோர்தியா’ என்னும் பொதுநிலையினரின், அதாவது துறவியரோ குருக்களோ அல்லாத இல்லறத்தாரின், இரக்கப்பணிக் கழகம் கோவா, கொச்சி, சாந்தோம், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களிலும் வேர்விட்டு, கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் உதவியது. அந்த உதவி பெரும்பாலும் போர்த்துக்கீசியக் குடியேற்றத்தைச் சுற்றியே நின்றதால், அவர்களின் அதிகாரம் சரிந்தபோது அதுவும் சேர்ந்தே சரிந்தது.

ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபையின் தொடக்கம் அரசோடும் ஆயரோடும் தொடர்பற்றது. அதைத் தொடங்கிய ழான் ழுகான் 1792 அக்டோபர் 25 அன்று பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரித்தானி கடற்கரையில், கான்கால் என்னும் மீன்பிடி ஊரில் பிறந்தவர். தந்தை கடலோடி, மகள் சிறுமியாக இருந்தபோதே கடலுக்குச் சென்று திரும்பாமற் போனவர். பதின்ம வயதில் செல்வர் வீட்டுச் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்த ழான், பின்னர் சேன்-செர்வான் ஊர் மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பணியில் சில ஆண்டுகளும், ஒரு மூத்த பெண்மணியின் வீட்டில் பணிப்பெண்ணாகப் பன்னிரண்டு ஆண்டுகளும் கழித்தார். ஆகவே முதியவரைக் குளிப்பாட்டுவது, படுக்கை மாற்றுவது, மருந்து கொடுப்பது எல்லாம் அவருக்குக் கைப்பழக்கமான வேலைகள். 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், பார்வை இழந்து உடலின் ஒரு பாதி செயலற்றுப்போன ஆன் ஷொவேன் என்னும் மூதாட்டியைத் தம் வாடகை வீட்டுக்குத் தூக்கிவந்து, தம் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, ழான் பரணில் படுக்கப் போனார். அப்போது அவருக்கு 47 வயது. அடுத்துவந்த இரண்டு ஆண்டுகளில் முதிய பெண்களின் எண்ணிக்கை பன்னிரண்டானது. பரண் போதாமல் பெரிய தளம் ஒன்றுக்கும், 1842-இல் பழைய கன்னியர் மடம் ஒன்றுக்கும் இல்லம் இடம்பெயர்ந்தது. கூலிக்காரப் பெண்கள் சிலர் கூட நின்றார்கள். நடக்க முடிந்த மூதாட்டிகள் நூல் நூற்றார்கள். ஆனால் நூற்ற நூலின் வருமானம் பன்னிரண்டு வயிற்றுக்குக் காணவில்லை.

இந்த இடத்தில் ழான் எடுத்த முடிவுதான் சபையின் பிற்கால வரலாறு முழுவதற்கும் அடித்தளம். அந்த மூதாட்டிகளில் பலர் அதுவரை வீடுவீடாகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். ஒவ்வொருவருக்கும் வழக்கமாகக் கொடுக்கும் வீடுகள் சில இருந்தன. ழான் அவர்களிடம் அந்த வீடுகளின் அடையாளத்தைக் கேட்டுக்கொண்டு, அவர்களை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, அவர்களுக்குப் பதிலாகத் தாமே அந்த வாசல்களுக்குப் போனார். இன்னாருக்கு நீங்கள் கொடுத்துவந்ததை இனி என்னிடம் கொடுங்கள், அவர் இனி வெயிலிலும் மழையிலும் அலைய வேண்டியதில்லை என்பதே அவருடைய வேண்டுகோள். காசு மட்டுமல்ல, மீந்த ரொட்டி, உருளைக்கிழங்கு, பழைய துணி, விறகு என்று எது கிடைத்தாலும் கூடையில் ஏறியது; அந்தக் கூடையை அவருக்குத் தந்தவர்கள் இறைவனின் புனித யோவான் சபைத் துறவியர் என்பது சபையின் மரபு. இதில் கவனிக்க வேண்டியது கொடைமுறையின் நுட்பம். ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஈகையை ழான் புதிதாக உண்டாக்கவில்லை. அது ஒருவரின் முதுமையை அவமானப்படுத்தும் வழியாக ஓடியதைத் திருப்பி, அவருடைய கண்ணியத்தைக் காக்கும் வழியாக ஓடவிட்டார். கொடுப்பவருக்கும் தாம் கொடுப்பது யாருக்கு என்பது தெரிந்திருந்தது. பிற்கால நன்கொடைத் திட்டங்கள் பலவற்றில் தொலைந்துபோனது இந்த நேரடி உறவுதான்.

பணியின் புகழ் பரவியபோது, அதைத் தொடங்கியவர் ஓரங்கட்டப்பட்டார். 1843 டிசம்பரில் சகோதரிகள் ழானையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்த இரண்டே வாரத்தில், அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த இளம் குரு ஒகுஸ்த் லெ பாயர் அத்தேர்தலைச் செல்லாததாக்கி, வேறொருவரைத் தலைவியாக்கினார். பிரெஞ்சுக் கல்விக்கழகம் 1845-இல் நற்பணிக்கான மோன்தியோன் பரிசாக 3,000 பிராங்கை ழானுக்கே வழங்கியது. ஆயினும் 1852-க்குப் பிறகு அவர் பொதுவெளியிலிருந்து விலக்கப்பட்டு, 1856 முதல் சேன்-பெர்ன் ஊரில் இருந்த தாய்மடத்தில் இளம் துறவியரிடையே வாழ்ந்து, 1879 ஆகஸ்டு 29 அன்று மறைந்தார். உலகெங்கும் ஏறத்தாழ 2,400 சகோதரிகளாகச் சபை பெருகிவிட்ட நேரம் அது. அவருடைய கல்லறைக் கல்லோ அவரை மூன்றாவது சகோதரி என்றது. லெ பாயர் 1890-இல் ரோமுக்கு அழைக்கப்பட்டு நீக்கப்பட்ட பின்னரே உண்மை மெல்ல வெளிவந்தது. 1982-இல் அருளாளராகவும், 2009 அக்டோபர் 11 அன்று புனிதராகவும் ழான் உயர்த்தப்பட்டார். நிறுவனம் வளரும்போது நிறுவியவரே அதன் ஏட்டிலிருந்து அழிக்கப்படக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று திருச்சபை வரலாற்றில் அரிது. பணிப்பெண்ணாக இருந்த ஒருத்தியின் பெயரை அழிப்பது எளிதாக இருந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஒதுக்கப்பட்டிருந்த காலத்திலும் அவருடைய கருத்து ஒரு முறை கேட்கப்பட்டது. 1865-இல் சபைக்கு உயில்வழிக் கொடை ஒன்று வந்தபோது, ஆண்டுதோறும் வட்டியோ வாடகையோ தரும் நிலைநிதியை ஏற்கலாமா என்ற கேள்வி எழுந்தது. எந்தக் கணக்கரும் ஏற்கலாம் என்றே சொல்லியிருப்பார். சபையின் ஆலோசனைக் கூட்டத்துக்கு அழைக்கப்பட்ட ழான் உள்ளிட்டோர் எடுத்த முடிவு வேறு: முதியோரைத் தங்க வைக்கத் தேவையான வீட்டைத் தவிர வருமானம் தரும் சொத்து எதையும் வைத்துக்கொள்வதில்லை; அன்றாடச் செலவு அன்றாட ஈகையிலிருந்தே வர வேண்டும். இதன் விளைவு மூன்று வகையில் தெரிந்தது. சொத்து இல்லாததால் சொத்துக்காக வழக்காடும் நிலை குறைந்தது. நாள்தோறும் ஊராரிடம் போக வேண்டியிருந்ததால், இல்லத்தின் உள்ளே நடப்பதை ஊரார் அறிந்துகொண்டே இருந்தனர். தணிக்கை என்று பெயரிடாத ஒரு தணிக்கை அது. இவற்றுக்கெல்லாம் மேலாக, கட்டணம் என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போனதால், சேர்க்கைக்கு ஒரே தகுதி வறுமையும் முதுமையும் என்றானது. இது ஆபத்தான முறையும்கூட. பஞ்சகாலத்தில் ஈகை வற்றினால் இல்லமும் பட்டினி கிடக்கும். அந்த ஆபத்தை அறிந்தே ஏற்றார்கள் என்பதுதான் இம்முடிவின் கனம்.

இந்த விதியோடுதான் சகோதரிகள் 1882-இல் கொல்கத்தாவில் இறங்கினார்கள். இன்று ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை எனப்படும் அன்றைய லோயர் சர்குலர் சாலையில் அமைந்த புனித யோசேப்பு இல்லம் இந்தியாவில் அவர்களுடைய முதல் மனை. 1888-இல் கொழும்பிலும், 1900-இல் பெங்களூரு ஓசூர் சாலையிலும், அதன்பின் செகந்திராபாத்திலும் இல்லங்கள் எழுந்தன. சென்னையில் சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலை இல்லம் தமிழகத்தார் பலரும் அறிந்தது. கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று துறவியர் பொதுவாக எடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகளோடு, அதாவது இறைவனுக்குக் கொடுக்கும் உறுதிமொழிகளோடு, விருந்தோம்பல் என்ற நான்காவதையும் இச்சபையினர் எடுக்கின்றனர். அறுபதைக் கடந்த ஏழை எந்தச் சமயத்தவரானாலும் சேரலாம். சாகுந்தறுவாயில் இருப்பவரைத் தனியே விடுவதில்லை என்பது இல்லங்களின் கண்டிப்பான வழக்கம். இரவும் பகலும் மாறிமாறி ஒரு சகோதரியாவது கட்டிலருகே இருப்பார். இன்றும் சகோதரிகள் இருவராகச் சந்தைக்கும் கடைத்தெருவுக்கும் அலுவலகங்களுக்கும் போய் அரிசியும் காய்கறியும் பணமும் கேட்டு வாங்குகின்றனர். கூடை இருந்த இடத்தில் வண்டி வந்திருக்கிறது, அவ்வளவே. இந்திய நகரங்களின் சந்தைகளில் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர் அல்லர் என்பதால், கத்தோலிக்க இல்லத்து அடுப்பில் எரிவது ஊர் முழுவதன் விறகு.

இந்தியப் பொதுவாழ்வில் இச்சபைக்கு இன்னொரு மறைமுகப் பங்கும் உண்டு. லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறிய அன்னை தெரசா, பட்னாவில் மருத்துவப் பயிற்சி பெற்று 1948 டிசம்பரில் கொல்கத்தா திரும்பியபோது, அவருக்குத் தங்க இடம் கொடுத்தது இந்தப் புனித யோசேப்பு இல்லமே. அங்கிருந்துதான் அவர் நாள்தோறும் மோதிஜீல் சேரிக்கு நடந்து போனார். 1952-இல் காளிகாட்டில் அவர் தொடங்கிய ‘நிர்மல் ஹ்ருதய்’ இல்லத்தின் பின்னணியில், முதியவர்களின் படுக்கையருகே கழிந்த அந்தச் சில வாரங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்று கொள்வது மிகையாகாது.

தமிழகத்துக்கு ஆதரவற்றோர் மனை கிறித்தவர் கொண்டுவந்த புதுமை அன்று. சத்திரங்கள் வழிப்போக்கருக்கும் ஏழைகளுக்கும் சோறிட்டன. ஐதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தின்போது 1782-இல் சென்னையில் கஞ்சித்தொட்டியாகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் இன்றும் முதியோர் இல்லமாக நடக்கிறது. ஆனால் சத்திரம் நிலத்தின் விளைச்சலை நம்பியது. எழுதிவைத்த நிலம் கைமாறினாலும், குத்தகை வராமல் போனாலும், சத்திரம் பெயரளவில் நின்றது. மேலும் சத்திரம் சோறிட்டு அனுப்பும் இடம். படுத்த படுக்கையாகிவிட்டவரை மாதக்கணக்கில் தூக்கித் திருப்பிப் போடும் வேலை அதன் அமைப்பில் இல்லை. அந்த வேலைக்கு வாழ்நாளையே எழுதிக்கொடுத்த ஆட்கள் வேண்டும். துறவியர் சபைகள் தமிழகத்துக்குத் தந்தது கட்டடம் அல்ல, அந்த ஆட்களையே.

சேலம் பகுதியில் கிறித்தவ நிறுவனங்கள் வேறு வரிசையில் வந்தன. லண்டன் மிஷனரி சங்கம் 1827-இல் ஹென்றி கிறிஸ்ப் வழியாகச் சேலத்தில் காலூன்றியது. பின்னால் வந்த ஜான் மைக்கேல் லெக்லர் தொழிற்கல்விக்குப் பெயர் பெற்றார். கத்தோலிக்கத் தரப்பில் பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சங்கத்தார் உழைத்த பரப்பிலிருந்து 1930 மே 26 அன்று சேலம் மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட திருச்சபைப் பகுதி, தனியாகப் பிரிக்கப்பட்டது. முதல் ஆயர் ஹென்றி புருனியே. மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பே சேர்வராயன் மலைமேல் ஏற்காட்டில் 1894-இல் திருஇருதயக் கன்னியர் பள்ளியும், 1917-இல் மான்போர்ட் பள்ளியும் வந்துவிட்டன. பள்ளி, விடுதி, மருந்தகம், அனாதைச் சிறார் இல்லம் என்பதே இரு தரப்பு மிஷன்களின் பொது வரிசை. முதியோர் பணி பங்குகளில், அதாவது ஒரு கோவிலைச் சார்ந்த இறைமக்கள் சமூகங்களில், இயங்கிய புனித வின்சென்ட் தே பவுல் சபை போன்ற குழுக்கள் வாரந்தோறும் கொடுத்த அரிசி, பணம் என்ற அளவிலேயே நெடுங்காலம் நின்றது. குழந்தைக்குச் செய்வது வருங்காலத்துக்கான முதலீடாகத் தெரிந்தது. முதியவருக்குச் செய்வது அப்படித் தெரியவில்லை. இந்த மனப்போக்கு மிஷன்களுக்கு மட்டும் உரியதன்று, ஆனால் அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில் மலையடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் கொண்டப்பநாயக்கன்பட்டி போன்ற நகரோர ஊர்களில் வயல்கள் மனைகளாகின்றன. நகருக்கு அருகில், ஆனால் நகர விலைக்குக் குறைவாக நிலம் கிடைக்கும் இத்தகைய இடங்களே அறப்பணி இல்லங்களுக்கும், கட்டணம் வாங்கும் முதியோர் குடியிருப்புகளுக்கும் ஏற்ற இடங்கள். இவற்றின் தேவை எங்கிருந்து வருகிறது என்பதைச் சமவெளியின் பிழைப்பைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். விசைத்தறி, வெள்ளிக்கொலுசு, ஜவ்வரிசி ஆலை, வெள்ளைக்கல் சுரங்கம், செங்கல் சூளை ஆகிய எதிலும் கூலி உண்டு, ஓய்வூதியம் இல்லை. தறியில் அறுந்த இழையைப் பிடித்து முடிபோடவும், கொலுசுக் கண்ணியை ஊதுகுழலால் பற்றவைக்கவும் கூரிய பார்வை வேண்டும். பார்வை மங்கினால் வேலை போய்விடும், அதற்கு அறுபது வயதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று லாரிகளோடு வடமாநிலங்களுக்குப் போகிறவர்களும், நாமக்கல் சரக்கு லாரிகளின் ஓட்டுநர்களும் மாதக்கணக்கில் வீட்டில் இருப்பதில்லை. அன்பு இல்லாததால் அல்ல, ஆள் இல்லாததால் பெற்றோர் தனித்துப்போகும் வீடுகள் இவை.

இதோடு மறைக்கக் கூடாத இன்னோர் உண்மையும் சேர்கிறது. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது சேலத்தில்தான். அவ்வளவு பெண் குழந்தைகளை இழந்த மாவட்டம் இது. முதுமையில் பெற்றோரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் உழைப்பு நம் குடும்பங்களில் பெரும்பாலும் மகள், மருமகள் தோள்களில் ஏற்றப்பட்டதே. அந்த மகள்களை வாழவிடாத தலைமுறை இன்று முதுமையை நெருங்கிவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு என்றால், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு, குழந்தைப் பேறு குறைந்துகொண்டே வருவதால் இந்த விகிதம் ஏறுமுகத்திலேயே இருக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. தமிழ்நாடு 1962-லேயே மாதம் 20 ரூபாய் முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. அத்தொகை 2011-இல் 1,000 ரூபாயாகவும், 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெற முதியவர்கள் கோட்டாட்சியர் நிலை அலுவலர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக அது வழிசெய்கிறது. ஆனால் அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோரேனும் தங்கக்கூடிய இல்லத்தை மாநில அரசு அமைக்கலாம் என்றே சொல்கிறது. அமைத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. பராமரிப்புத் தொகை கேட்டு வழக்குப்போடப் பிள்ளையும், உறவினருக்கு விட்டுச்செல்லச் சொத்தும் இல்லாதவருக்கு இச்சட்டத்தின் பயன் பெரிதும் அந்த ஒரு பிரிவையே நம்பியிருக்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பிய திருச்சபை இல்லங்களில் பல, ழான் ழுகானின் வழியில் செல்லாமல் வெளிநாட்டு நன்கொடையைச் சார்ந்தே வளர்ந்தன. ஐரோப்பிய மறைமாவட்டம் ஒன்றோ, அங்குள்ள அறக்கட்டளையோ கட்டடத்தையும் ஆண்டுச் செலவையும் ஏற்றுக்கொண்டபோது, உள்ளூர்ச் சந்தையில் கை நீட்ட வேண்டிய தேவை இல்லாமல் போனது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2020-இல் வந்த திருத்தம், ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதைத் தடை செய்ததோடு, நிர்வாகச் செலவின் உச்சவரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்புகளின் வழியாகப் பணம் பெற்றுவந்த சிறு இல்லங்களுக்கு இது நேரடி அடி. அத்திருத்தத்தின் நியாய அநியாயம் தனி விவாதம். ஆனால் தொலைதூரத்துப் பணம் ஒரு கையெழுத்தில் நின்றுபோகக் கூடியது என்பதும், அது நின்றபோது பல இல்லங்களுக்குத் தம் தெருவில் தெரிந்தவர்களே இல்லை என்பதும் உண்மை. ஊர் அறியாத இல்லத்தில் கண்காணிப்பும் தளரும். 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிறித்தவர் நடத்திய ஓர் இல்லத்தின் மீது புகார்கள் எழுந்து, அங்கிருந்த முதியவர்களை அரசு வேறு இடங்களுக்கு மாற்ற நேர்ந்தது. புகாரின் மெய்ம்மை எதுவாக இருந்தாலும், ஊரார் நாள்தோறும் போய்வரும் இல்லத்தைப் பற்றி அத்தகைய ஐயங்கள் அவ்வளவு எளிதில் முளைப்பதில்லை.

ஆள் பற்றாக்குறை இன்னொரு முனை. துறவறம் பூணும் பெண்களின் எண்ணிக்கை உலகெங்கும் குறைகிறது. இருக்கும் சகோதரிகளுக்கும் வயதாகிறது. தமிழர் வாழும் சிங்கப்பூரில் 1935 முதல் புனித தெரேசா இல்லத்தை நடத்திவந்த ஏழைகளின் சிறிய சகோதரிகள், 2003-இல் அதைக் கத்தோலிக்க நலச்சேவை அமைப்பிடம் ஒப்படைத்தனர். அங்கே இல்லம் தொடர்ந்து நடப்பதற்குக் காரணம், அதை ஏற்று நடத்த ஊதியப் பணியாளரோடு ஓர் உள்ளூர் அமைப்பு இருந்ததுதான். சேலம் சமவெளியின் இல்லங்களும் அதே கட்டத்தை நோக்கியே போகின்றன. ஊதியப் பணியாளர் வந்தால் செலவு கூடும். செலவு கூடினால் கட்டணம் வாங்கும் அறைகளைக் கூட்டலாம் என்ற யோசனை வரும். அறைகள் கூடக்கூடப் பொதுக்கூடத்துக் கட்டில்கள் குறையும். கட்டணம் செலுத்தும் முதியவருக்கும் பராமரிப்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவருக்குச் சந்தை இடம் தரும். தறிக்குழியிலிருந்து எழ முடியாமல் போன கைம்பெண்ணுக்குச் சந்தை இடம் தராது. திருச்சபையின் பெயரில் நடக்கும் இல்லம் தன் இலவசக் கட்டில்களைக் குறைத்துக்கொள்ளும் நாளில், அது 1839-இன் மரபிலிருந்து விலகிவிட்டது என்றே கொள்ள வேண்டும், அதன் வாயிலில் எந்தப் புனிதரின் பெயர் எழுதப்பட்டிருந்தாலும்.

ஆகவே பங்கு மக்களும், ஊராட்சிகளும், சேலத்தின் வணிகர்களும் செய்யக்கூடியது தெளிவாகவே இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் கொண்டுபோவதற்குப் பதிலாக, ஒரு முதியவரின் ஒரு மாத அரிசியையோ, ஒரு பராமரிப்பாளரின் ஊதியத்தில் ஒரு பங்கையோ தொடர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். மாதம் ஒரு நாள் நேரில் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து நலம் கேட்கலாம். முதியோர் இல்லம் ஒன்றுக்கு நன்கொடை தர எண்ணுவோர், கட்டடத்தின் அழகைப் பார்க்கும் முன், அங்கே பணம் கட்ட இயலாதவர்களுக்கென்று எத்தனை கட்டில்கள் உள்ளன, இன்று அவற்றில் எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.